15 வயதில் வெற்றி, 21 வயதில் வறட்சி: லிடியா கோவின் பயணம் சொல்வது என்ன?

2025 மார்ச் 2ஆம் தேதி செந்தோசா கோல்ஃப் கிளப்பின் தஞ்சோங் திடலில் எச்எஸ்பிசி மகளிர் உலக வெற்றியாளர் போட்டி முடிவடைந்தது. கிண்ணத்தை ஏந்தியவர் நியூசிலாந்தின் லிடியா கோ. கோல்ஃபில் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வெற்றியாளர். நான்கு நாள் ஆட்டத்தில் திடலுக்கு நிர்ணயிக்கப்பட்டதைவிட 13 அடிகள் குறைவாக ஆடிய கோ, இரண்டாம் இடத்தில் வந்தவர்களை நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். எல்பிஜிஏ எனப்படும் அமெரிக்க மகளிர் தொழில்முறைத் தொடரில் இது அவரது 23வது பட்டம்.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எந்த வயதில் எதைச் சாதித்தார் என்பதே முதலில் சொல்லப்படுகிறது. அவரது வாழ்க்கையில் இளையர்கள் கவனிக்கவேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

சிறு வயதில் பெரிய சாதனைகள்

1997ல் தென்கொரியத் தலைநகர் சோலில் பிறந்த கோ, சிறு வயதிலேயே குடும்பத்துடன் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். ஐந்து வயதில் ஆக்லாந்தில் கோல்ஃப் மட்டையைப் பிடித்தார். 2012ல் கனடியப் பொது விருதுப் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 15. எல்பிஜிஏ வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் யாரும் வென்றதில்லை. அப்போது அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர் என்பதால், 300,000 அமெரிக்க டாலர் முதல் பரிசு இரண்டாம் இடத்தில் வந்தவருக்குச் சென்றது. மறு ஆண்டும் அதே போட்டியில் கோ வென்றார்.

2015 பிப்ரவரியில், 17 வயதில், உலகத் தரவரிசையில் முதலிடம். ஆண்கள், பெண்கள் இரு தரப்பிலும் அந்த வயதில் அவ்விடத்தைப் பிடித்தவர் வேறு எவரும் இல்லை. 18 வயதில் முதல் முதன்மைப் போட்டிப் பட்டம், 2016ல் இன்னொன்று. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி.

சறுக்கிய ஆண்டுகள்

2016ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அவரது பயிற்சியாளர், மட்டைப்பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளர், பயன்படுத்திய மட்டைகள் எல்லாம் மாறின. 2017 ஜூனில் முதலிடம் கைநழுவியது. 2018 ஏப்ரலில் ஒரு பட்டம் வென்றார். அதன்பின் 2021 ஏப்ரல் வரை மூன்று ஆண்டுகளுக்கு எல்பிஜிஏ தொடரில் ஒரு வெற்றிகூட இல்லை. தரவரிசையில் முதல் 40 இடங்களுக்கு வெளியே போனார்.

மாற்றங்கள்தான் காரணம் என்றனர் சிலர். இளம் வயதுச் சுமை என்றனர் வேறு சிலர். அதே காலத்தில் தாய்லாந்தின் அரியா ஜுட்டானுகார்ன் போன்ற வலுவான போட்டியாளர்களும் எழுந்து வந்தனர். ஒரே ஒரு காரணத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது கடினம்.

அந்த ஆண்டுகளில் மிகவும் வலித்திருக்கக்கூடிய நாள் 2020 ஆகஸ்ட்டில் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த போட்டியில், ஆறு குழிகளே எஞ்சியிருந்தபோது கோ ஐந்து அடிகள் முன்னிலையில் இருந்தார். கடைசிக் குழியில் நிர்ணயித்ததைவிட இரண்டு அடிகள் கூடுதலாக எடுத்து, ஒரே ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். எட்டு மாதங்கள் கழித்து ஹவாயியில் ஏழு அடி வித்தியாசத்தில் வென்று வறட்சியை முடித்துக்கொண்டார்.

தரவரிசை சொல்லாதது

கோல்ஃப் உலகத் தரவரிசை, முந்திய ஈராண்டுகளின் முடிவுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதனால் ஒருவரின் ஆட்டம் மேம்படத் தொடங்கினாலும் எண் உடனே ஏறிவிடாது. நடந்ததை அது சரியாகச் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது.

மீட்சிக்குப் பிறகும் ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. 2022ல் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுடன் முதலிடமும் திரும்பக் கிடைத்தது. மறு ஆண்டே எல்பிஜிஏ தனிநபர் பட்டம் எதுவும் இல்லை. முந்திய ஆண்டு தாம் வென்ற பருவ இறுதிப் போட்டிக்கு அவர் தகுதிகூடப் பெறவில்லை.

எல்பிஜிஏ புகழ் மண்டபத்தில் இடம்பெற 27 புள்ளிகள் தேவை. சாதாரணப் பட்டத்துக்கு ஒன்று, முதன்மைப் போட்டிப் பட்டத்துக்கு இரண்டு, ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது, ஆகக் குறைந்த சராசரி அடிகளுக்கான விருது, ஒலிம்பிக் தங்கம் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. 2024 ஜனவரியில் வென்ற பட்டத்துடன் கோவிடம் 26 புள்ளிகள் இருந்தன. அடுத்த போட்டியிலேயே கூடுதல் ஆட்டம் வரை சென்று தோற்றார். விட்டுப்போன அந்த ஒரு புள்ளி ஆகஸ்ட் 10ஆம் தேதி பாரிசில் ஒலிம்பிக் தங்கமாக வந்தது. ரியோவில் வெள்ளி, தோக்கியோவில் வெண்கலம், பாரிசில் தங்கம். இரண்டே வாரங்களில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் மூன்றாவது முதன்மைப் போட்டிப் பட்டத்தையும் வென்றார்.

நம் வீடுகளில்

இங்கு 12 வயதிலேயே பிள்ளைகளின் திறன் அளக்கப்படுகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு ஒருபுறம். விளையாட்டு, கலைத் திறனை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம்பெறும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை மறுபுறம். இரண்டிலும் முன்னே வந்த பிள்ளை 14 வயதில் பின்தங்கினால், வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் “என்ன ஆச்சு உனக்கு?” என்பதுதான். பயிற்சியை மாற்றலாமா, துணைப்பாட வகுப்பைக் கூட்டலாமா என்று பெரியவர்கள் பதறுகிறார்கள்.

கோவுக்குக் கிடைத்த வசதி எல்லாருக்கும் கிடைக்காது என்பதையும் மறக்கக்கூடாது. கோல்ஃப் செலவு மிகுந்த விளையாட்டு. சிங்கப்பூரின் ஒரே 18 குழிப் பொதுத் திடலான மரினா பே கோல்ஃப் திடலும் 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. இந்தச் சிறிய நாட்டிலிருந்துதான் ஷேனன் டான் 2024ல் கென்யாவில் ஐரோப்பிய மகளிர் தொடர்ப் பட்டத்தை வென்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய முதல் சிங்கப்பூர் கோல்ஃப் ஆட்டக்காரரானார். பாரிசில் ஆடியபோது அவருக்கு வயது 20. அவருடைய பயணத்திலும் பட்டமில்லாத பருவங்கள் வரக்கூடும். அப்போது நாம் என்ன பேசப்போகிறோம் என்பதை இப்போதே யோசித்துவைப்பது நல்லது.

முப்பது வயதில் ஓய்வுபெற விரும்புவதாக இளம் வயதிலேயே சொன்னவர் கோ.  வெற்றி இல்லாத அந்த மூன்று ஆண்டுகளில் அவர் மட்டையைக் கீழே வைத்திருந்தால், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அதற்குள் 14 பட்டங்களுக்குமேல் வென்றிருந்தார். ஆனால் ஒலிம்பிக் தங்கமும் செயின்ட் ஆண்ட்ரூஸ் வெற்றியும் செந்தோசாவில் நாம் பார்த்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்திருக்காது. அடுத்த முறை மதிப்பெண் அட்டையோ தேர்வுக்குழுப் பட்டியலோ ஏமாற்றம் தந்தால், மாணவர்களும் பெற்றோரும் இதை நினைத்துப் பார்க்கலாம்.