ஒல்லி டயர்தான் வேகமா?

1889-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்ற வீரர் வந்து நின்றதும் கூட்டம் சிரித்தது. மற்றவர்களின் சக்கரங்களில் மெல்லிய கெட்டி ரப்பர். அவருடைய சக்கரத்திலோ ஜான் பாய்டு டன்லப் உருவாக்கிய, காற்றடைத்த தடித்த டயர். கடைசியில் வெற்றிகளை அள்ளியவர் ஹியூம்தான். ஆனாலும் "ஒல்லியாக இருந்தால்தான் வேகம்" என்ற எண்ணம் நூறு ஆண்டுகள் கழித்தும் சாகவில்லை.

1990-களிலும் 2000-களிலும் ரோடு பைக் என்றாலே 23 மி.மீ. டயர்தான். அதில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடித்து, கல்லைப் போல் இறுக்கமாக வைப்பார்கள். இன்று ஐரோப்பியப் பந்தயங்களில் 28 மி.மீ. சர்வசாதாரணம். கருங்கல் பாவிய சாலைகளில் ஓடும் பாரீஸ்–ரூபே பந்தயத்தில் 30 மி.மீ.க்கும் அதிகமான டயர்கள் வந்துவிட்டன. வீரர்கள் சொகுசுக்காக இப்படி மாறவில்லை, வேகத்துக்காகத்தான் மாறினார்கள்.

இதன் காரணம் எளிமையானது. ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ, அதாவது சுமார் 100 பவுண்டு எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர அங்குலம். டயர் ஒல்லியோ அகலமோ, பரப்பு அதேதான். ஒல்லி டயரில் அது நீளவாக்கில் அமையும், அகல டயரில் குறுக்குவாக்கில் அமையும். நீளமாக அமைந்தால் டயர் அதிகமாக நசுங்கி விரிகிறது, அதில் மிதிப்பவரின் சக்தி வீணாகிறது.

சாலையின் சொரசொரப்பு இன்னொரு விஷயம். இறுகிய டயர் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துக் குலுக்குகிறது. அந்தக் குலுக்கலும் உழைப்பின் செலவுதான். 28 மி.மீ. டயரின் குறுக்குவெட்டுப் பரப்பு 23 மி.மீ. டயரைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. அதனால் குறைந்த அழுத்தத்திலும் அது எடையைத் தாங்கும். பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் தரைக்கும் இடையே ட்யூப் கடிபட்டுப் பஞ்சராவதும் குறையும்.

ஒல்லி டயருக்கும் நியாயம் இருக்கிறது. எடை சற்றுக் குறைவு, காற்றைக் கிழிப்பதும் எளிது. கண்ணாடி போன்ற வெலோட்ரோம் தளத்தில் அது இன்னும் செல்லும். ஆனால் சாலை வெலோட்ரோம் அல்ல.

அதற்காக அகலம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்பதில்லை. பழைய ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 25 அல்லது 28 மி.மீ.க்கு மேல் இடம் இராது. அகலமான ரிம்மில் டயர் எழுதியிருப்பதைவிடச் சற்றுப் பருக்கும். ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் சில மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்ப்பது அவசியம். டயரின் பக்கவாட்டில் 28-622 என்று இருந்தால் 28 அகலம், 622 ரிம்மின் விட்டம்.

ரிம்மின் உள்ளகலமும் பொருந்த வேண்டும். 2024 யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது அவருடைய டயர் கொக்கியில்லாத ரிம்மை விட்டுக் கழன்றது. கல்லில் மோதியதே காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனாலும் 25 மி.மீ. உள்ளகல ரிம்மில் 28 மி.மீ. டயர் பாதுகாப்பானதா என்ற விவாதம் சூடு பிடித்தது.

ஆகவே வண்டியும் ரிம்மும் அனுமதிக்கும் எல்லைக்குள் அகலமானதை வாங்கி, உடல் எடைக்கேற்பக் காற்றைக் குறைத்து ஓட்டுவதே புத்திசாலித்தனம். பார்வைக்கு வேகமாகத் தெரியும் டயருக்காகப் பணமும் கொடுத்து, முதுகுவலியையும் வாங்குவது நட்டக் கணக்கு.