சாக்குப்பையும் ஒன்பது உயிரும்

ராயகிரியில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து அடுக்களையில் உருள ஆரம்பித்ததும், ஒரு நாள் சாயங்காலம் யூரியா சாக்கு ஒன்று வெளியே வரும். குட்டிகளை அதில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டி, பைக்கில் வைத்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஓடைக்கரையிலோ கறிக்கடை ஓரத்திலோ அவிழ்த்துவிட்டு வருவார்கள். எதற்குச் சாக்கு என்று சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டேன்.

"வழி தெரியக்கூடாதுல்லா. தெரிஞ்சா திரும்பி வந்துரும்."

"அப்ப அது நம்ம வீட்டுக்கு வரணும்னுதான நெனைக்கி?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பதிலில்லாத இடத்தைப் பற்றியதுதான்.

ஆச்சி கல்நெஞ்சுக்காரி இல்லை. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டாள். அப்புறம் எப்படி அந்தச் சாக்கைக் கட்ட முடிந்தது? பூனையைப் பற்றி நமக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்கிற தைரியம்தான். நன்றி கெட்டது, எங்கே விட்டாலும் பிழைச்சுக்கும், ஒன்பது உயிர் இருக்கு, பால் ஊற்றினால் போதும். இவற்றை அப்பாவியான மூடநம்பிக்கைகள் என்று நாம் சிரித்துக் கடந்துவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. இதில் ஒவ்வொன்றும் நாம் செய்யப்போகிற ஒரு கொடுமைக்கு நாமே முன்கூட்டி எழுதிக்கொண்ட அனுமதிச் சீட்டு.

முதல் சீட்டு, நன்றி. "நாய் ஆளுக்கு, பூனை வீட்டுக்கு" என்பார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு, 2019இல் வெளியானது. பூனைக்குட்டியை வளர்ப்பவரோடு புதிய அறையில் விட்டு, அவரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பி, திரும்ப வரும்போது அது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்கும் தாய்க்குமான பிணைப்பை அளக்கப் பயன்படும் அதே முறை. ஏறத்தாழ 65 விழுக்காடு குட்டிகள் அவரைக் கண்டதும் பதற்றம் தணிந்தன. மனிதக் குழந்தைகளிலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று காட்டினார்கள். கூப்பிட்டால் வராதது வேற, கேட்காதது வேற. நாம் கூப்பிட்டு நம் வீட்டுப் பையனே வருவதில்லை, அவனை யாரும் சாக்கில் கட்டுவதில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு அது வீட்டுக்குத்தான் விசுவாசம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த வீட்டிலிருந்து அதைப் பிடுங்கி, வாசனை தெரியாத இடத்தில், வேறு பூனைகளின் எல்லைக்குள் போய்விடுவது இன்னும் மோசம் அல்லவா? இந்த ஒரு கேள்விக்காவது சாக்குக் கட்சியினர் பதில் சொல்லட்டும்.

இந்த உறவு எவ்வளவு பழையது என்பதும் நமக்குத் தெரியாது. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைதான் வீட்டுப் பூனையின் மூதாதை. மேற்காசியாவில் மனிதன் தானியம் சேமிக்க ஆரம்பித்தபோது எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதருக்கு அருகிலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். சுமார் 9,500 ஆண்டுப் பழமை. அந்தத் தீவில் பூனை இயல்பாக வாழ்ந்த பிராணி இல்லை. யாரோ படகில் ஏற்றிக் கூட்டிப் போயிருக்கிறார்கள். படகில் இடம் கொடுத்த இனம்தான் இன்றைக்குச் சாக்கும் எடுக்கிறது.

இரண்டாவது சீட்டு, பால். கம்பரே அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையாகச் சொல்லிக்கொள்கிறார். உவமைக்குச் சரி, உணவுக்குச் சரியில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றாலே போகும். பால்சோற்றில் சீனி போட்டுக் கொஞ்சுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: பூனைக்கு இனிப்பே தெரியாது. அந்தச் சுவையை உணர வேண்டிய மரபணு அதன் உடம்பில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பூனை முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயம் வீங்கிப் பூனை சாகும் என்று 1987இலேயே தெரிந்துவிட்டது. நாமோ வருசம் முழுக்கப் பால்சோறு போடுகிறோம், ஒரு நாள் மீன் சட்டியை உருட்டினால் "திருட்டுப் பூனை" என்று விறகுக் கட்டையை எடுக்கிறோம். இதில் திருட்டு யாருடையது?

மூன்றாவது, ஒன்பது உயிர். ஸ்பானியர்கள் ஏழுதான் என்கிறார்கள், உயிரின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும் போல. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளை ஆராய்ந்து 1987இல் எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன. இதை வைத்துத்தான் "பூனை எங்கிருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று ரீல்ஸ் ஓடுகிறது. விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதில்லையே, அது எந்தக் கணக்கில் வரும்? பிழைத்தவையும் நெஞ்சு அடிபட்டுத்தான் வந்தன. காலைக் கீழே வைத்து இறங்கத் தெரியும் என்பதற்கு வலிக்காது என்று அர்த்தம் இல்லை. வலியிலும் பூனை 'குர்குர்' என்னும். நாம் அதையும் சந்தோசம் என்போம்.

நான்காவது சீட்டுதான் ஆக மோசமானது, ஏனென்றால் அது மருத்துவம் போல வேசம் போடுகிறது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே பூனைக்குச் சாக்கு. டாக்சோபிளாஸ்மா என்கிற கிருமி உண்மைதான். ஆனால் பூனை பொதுவாக முதல் முறை தொற்றிய பின் ஒன்று முதல் மூன்று வாரம்தான் அதை மலத்தில் வெளியேற்றும். அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பிறகே தொற்றும். வேறு யாராவது தினமும் அள்ளிப் போட்டால் முடிந்தது. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் அதே கிருமியைத் தரும், அவற்றை நாம் சாக்கில் கட்டுவதில்லை. பூனை முடியை விழுங்கினால் ஆஸ்துமா என்பதும் இப்படித்தான். ஒவ்வாமையைத் தருவது முக்கியமாகப் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நிசமான தொல்லை, மற்றவர்களுக்கு வெறும் முடி.

பயப்பட வேண்டிய இடத்தில் நமக்குப் பயமே கிடையாது. பூனை பிறாண்டினால் மஞ்சள் தடவிவிட்டுப் போகிறோம். வெறிநோய் பூனை மூலமும் வரும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் போதும், சகுனம் பார்க்கிற நேரம் மிச்சம்.

"குட்டி போட்ட பூனை மாதிரி அலையுதான்" என்று கேலி பேசுகிறோம். ஏழு வீடு மாற்றும் என்கிறோம். கடுவன் பூனை குட்டிகளைக் கொன்றுவிடும் என்பதாலும், ஒரே இடத்தில் இருந்தால் வாடை காட்டிக்கொடுக்கும் என்பதாலும்தான் தாய் அப்படி அலைகிறது. வைணவத்தில் தென்கலையார் இறைவனின் கருணைக்கு இந்தத் தாய்ப் பூனையைத்தான் உவமை சொன்னார்கள். குட்டி எதையும் செய்ய வேண்டாம், தாய் தானே வாயில் கவ்விக் கொண்டுபோகும். மார்ஜார நியாயம் என்று பெயர். இந்த நியாயம் நம் தெரு ஓடைக்கரை வரைக்கும் வந்து சேரவில்லை.

"மனுசனுக்கே சோறில்லாத ஊர்ல பூனைக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள். பூனையை நேசிக்கச் சொல்லவில்லை அண்ணாச்சி. குட்டி வேண்டாம் என்றால் குட்டி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும், சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம், வருசத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. "ஒரு தடவையாவது குட்டி போடணும்" என்பதும் பொய்தான். மாட்டாஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேசனைப் பற்றிக் கேளுங்கள், அங்கேயே செய்வார்கள் அல்லது எங்கே போகலாம் என்று சொல்வார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு பரோட்டா செட்டுக்குக்கூடக் காணாது. சட்டமும் ஆச்சியைப் போலத்தான், தப்பு என்று தெரியும், பதில் சொல்லாது.

ஒரு பூனை திரும்பி வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்து, விலா எலும்பு எண்ணும்படி. வாசல்படியில் ஏறாமல் தெருவிலேயே உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆச்சி மீன் தலை ஒன்றைக் கொண்டு வைத்தாள். "வீட்டுக்குத்தான் வந்திருக்கு, நமக்காகவா வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே, அது தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே குத்தவைத்திருந்தாள்.

மறுபடி சாக்கை எடுக்கவில்லை.