மழை மேல் பழி போடாதீர்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஐப்பசி மழையில் என் பழைய மாணவி ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். முன்னால் போன பஸ் நின்றது, இவளும் நின்றாள். பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளியது. கால் முறிவு. கூடியவர்கள் உடனே தீர்ப்பு சொன்னார்கள்: "மழை சார், பிரேக் பிடிக்கல. அவரு என்ன பண்ணுவாரு?" ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்து, 'சமாதானமாகப் போகிறோம்' என்று வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அங்கே நின்ற நானும் "சரி, விடும்மா" என்றேன். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

மழை என்ன, அந்தக் கார்க்காரருக்குத் தெரியாமல் ஒளிந்தா பெய்தது? வைப்பர் போட்டுக்கொண்டுதானே ஓட்டினார்! தரை ஈரம் என்று தெரிந்தும் வேகத்தைக் குறைக்காததற்குப் பெயர்தான் கவனக்குறைவு.

முன்னால் போகிற வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடவேண்டும் என்பது சாலை விதி. 2018இல் நிஷான் சிங் வழக்கில், லாரிக்குப் பின்னால் 10, 15 அடி இடைவெளியில் போய் மோதிய கார் ஓட்டுநர் மீதுதான் தவறு என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 36 அடி போய்விடும். ஈரத்தில் வழுக்கும் தூரம் தனி. 15 அடி இடைவெளி எந்த மூலைக்கு?

முன்னால் போனவர் மீது தவறே வராதா? வரலாம். பின்விளக்கு எரியாமல் நடுரோட்டில் நிறுத்தியவருக்கும் பங்கு உண்டு. தீர்ப்பாயம் சதவீதம் பிரித்துச் சொல்லும். சாலையைச் சரியாகப் பராமரிக்காததால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பானவர்களுக்கு அபராதம் விதிக்க 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவே வந்திருக்கிறது. இதையெல்லாம் விசாரித்துச் சொல்ல வேண்டியது தீர்ப்பாயம், டீக்கடை அல்ல.

ஆகவே, அடிபட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள். ஆஸ்பத்திரியில் விபத்து என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம் என்கிறது சட்டம், தள்ளிப் போடாதீர்கள்.

அந்தப் பிள்ளை இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். மழை வந்து அவளுக்கு ஆஸ்பத்திரி பில் கட்டாது.

வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

- ஓய்வு பெற்ற ஆசிரியர்