கொல்லை அறைக்கு வை-பி: கேபிள் இழுப்பதே மேல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹாலில் வை-பி நன்றாகக் கிடைக்கிறது. கொல்லையில் தனியாக இருக்கும் அறையில் கிடைப்பதில்லை. என்ன வாங்கலாம்?" கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டுங்கள்" என்பதுதான். என் பதில் வேறு. ரிப்பீட்டருக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த அறைக்கு ஒரு கேபிள் இழுக்க முடியுமா என்று பாருங்கள்.

கும்பகோணம் பக்கம் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய மாட்டுத் தொழுவத்திற்குச் சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டு, அறையாக மாற்றியிருந்தார்கள். வீட்டிலிருந்து 25 மீட்டர் தூரம்தான். அக்கா மகன் கல்லூரியின் ஆன்லைன் தேர்வுகளை அங்கே அமர்ந்துதான் எழுத வேண்டும். ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அந்த அறையிலேயே மாட்டினான். லேப்டாப்பில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன. ஆனால் தேர்வின் நடுவே இணைப்பு அறுந்துவிட்டது. இன்னொரு ரிப்பீட்டர் வாங்கினான். அப்போதும் அதே கதைதான்.

காரணம் எளிது. லேப்டாப்பில் தெரியும் கோடுகள், லேப்டாப்பிற்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. ரௌட்டரிலிருந்து ரிப்பீட்டருக்கு என்ன வந்து சேருகிறது என்பதைக் காட்டுவதில்லை. அங்கே வருவதே மெலிந்த சிக்னல் என்றால், ரிப்பீட்டர் எதைக் கொடுக்கும்? மேலும், விலை குறைந்த ரிப்பீட்டர்கள் பலவற்றில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே சேனலில் மாறி மாறி நடைபெறும். எனவே வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். தகரம் ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். தடித்த சுவர்கள் அவற்றை உறிஞ்சிக் கொள்ளும். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானதுதான். ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4 கிகா ஹெர்ட்ஸை விடப் பலம் குறைந்தது.

"வயர்லெஸ் என்று வாங்கிவிட்டு மீண்டும் வயரா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம். நீண்ட தூரத்தை வயர் கடக்கட்டும். அறைக்குள் மட்டும் வை-பி பரவட்டும்.

ஆனால் எந்தக் கேபிள் என்பதில் கவனம் தேவை. அக்கா மகன் அடுத்ததாகச் சாதாரண ஈதர்நெட் கேபிளை மாமரத்தில் கட்டி இழுத்தான். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை வேலை செய்யும் என்பதால் வேகத்திற்குக் குறைவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் அருகில் எங்கோ மின்னல் இறங்கியது. ரௌட்டரும், லேப்டாப்பின் நெட்வொர்க் போர்ட்டும் போயின. அந்த நேரத்தில் லேப்டாப் அருகே யாரும் இல்லாதது நல்ல காலம். செப்புக் கம்பி மின்னலின் தாக்கத்தையும் சுமந்து வரும். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எனவே இரண்டு கட்டடங்களுக்கு இடையே பைபர் கேபிளே சிறந்தது என்பது என் கருத்து. இது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. வலுவுக்காக இரும்புக் கம்பி சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. பைப்பிற்குள் விட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். இழையை ஒட்டுவதற்கான மெஷின், வீடுகளுக்கு பைபர் இணைப்பு தரும் கேபிள் டிவிக்காரர்களிடம் இருக்கும். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். இரு முனைகளிலும் மீடியா கன்வர்ட்டர் என்னும் சிறு பெட்டி ஒவ்வொன்று வேண்டும். ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாகவே வாங்க வேண்டும்.

கொல்லை அறையில் வை-பி பரப்ப, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரே போதும். முதலில் அதன் ஐ.பி. முகவரியைப் புதிய ரௌட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றுங்கள். பின் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்துங்கள். மீடியா கன்வர்ட்டரிலிருந்து வரும் கேபிளை, வான் என்று குறித்த போர்ட்டில் அல்லாமல், லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். வை-பியின் பெயரும் பாஸ்வேர்டும் வீட்டில் உள்ளது போலவே இருக்கட்டும்; சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

இடையில் சாலை இருந்து, கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால், இரு கட்டடங்களிலும் ஒன்றையொன்று நோக்கிப் பொருத்தும் 5 கிகா ஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் பயன்படும். நடுவே மரமோ சுவரோ மறைக்கக் கூடாது. ரிப்பீட்டரை, பக்கத்து அறைக்குச் சிக்னல் எட்டாதபோது மட்டும் நினையுங்கள்.

அக்கா வீட்டில் பைபர் வேலை முடிய ஒரு பகல் ஆனது. இரண்டு ரிப்பீட்டர்களுக்குக் கொடுத்த பணம், எரிந்த ரௌட்டரின் விலை, லேப்டாப் ரிப்பேர் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பைபருக்கு ஆனது குறைவுதான். அடுத்த தேர்வை அவன் இணைப்பு அறாமல் எழுதி முடித்தான். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று அக்கா இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறார். நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள்.