முதுமைக்கு ஒரு கூரை

திருச்செந்தூரில் வைகாசி விசாகத்திற்கும் கந்த சஷ்டிக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு கடற்கரைப் பக்கம் போய்ப் பார்த்தால், ஊர் திரும்பாத கிழவர்களும் கிழவிகளும் துணி மூட்டையோடு நிழலில் ஒதுங்கியிருப்பார்கள். சிலர் தாமாக வந்தவர்கள், சிலர் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். எந்த ஊர் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். மகன் பெயரைச் சொன்னால் அவனுக்குத் தலைக்குனிவு என்று அந்த நிலையிலும் நினைக்கிற மனம் அது.

2022 செப்டம்பர் முதல் இக்கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் இராத்திரியில் கைபிடித்து எழுப்பிவிட ஆள் யார்? காய்ச்சலுக்கு மாத்திரை தருவது யார்?

"பெற்ற பிள்ளைகள் நன்றி கெட்டவர்களாகி விட்டார்கள்" என்று பெரிய மனிதர்கள் மேடையில் கண்ணீர் விடுகிறார்கள். நன்றி கெட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆறுமுகநேரி அளத்தில் வெயில் சுட உப்பு வாருகிற மகனும், வயல் வேலை இல்லாத நாளில் அடுப்பெரியாத மருமகளும், படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடுமே! பணம் உள்ள வீட்டில் ஆள் வைத்துக்கொள்கிறார்கள். இல்லாத வீட்டில் பாசமும் கூலியும் மோதிக்கொள்கின்றன. இதைப் பேசாமல் குணக்கேட்டை மட்டும் பேசுவது பாதி உண்மை.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அன்று இருபது வயதில் மூச்சடக்கி மூழ்கியவர் இன்று உயிரோடிருந்தால் எண்பதைத் தாண்டியவர். முத்து யார் கழுத்திலோ இருக்கிறது. அவருக்கு மிஞ்சியது என்ன? 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார ஓய்வும் பெற்றார்கள். வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வு வந்தது. ஆயுளின் கடைசிப் பத்து வருஷத்திற்கு நிம்மதியான ஓய்வு இன்னும் வரவில்லை.

நமது ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக்கினார்கள். நாளைக்கு 40 ரூபாய்க் கணக்கு. மத்திய சர்க்கார் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்குத் தன் பங்காக 200 ரூபாய் என்று 2011-ல் வைத்தது. பல வருஷம் கழிந்தும் அது ஒரு காசு ஏறவில்லை. மில்லில் உழைத்து வெளிவந்தவருக்கு வைப்புநிதிப் பென்ஷனில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு முன்பணமும் மாதக் கட்டணமும் கேட்கிற இல்லத்தின் வாசற்படியை மிதிக்க முடியுமா?

ஆகவே ஏழைக்கு இரண்டு வழிதான்: தர்ம ஸ்தாபனம், அல்லது சர்க்கார். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் என்று பேசுகிறது. ஆனால் "அமைக்கலாம்" என்று எழுதினார்களே ஒழிய, "அமைத்தே தீரவேண்டும்" என்று எழுதவில்லை. ஒரு வினைச்சொல்லில் ஓடி ஒளிந்துகொண்டார்கள்! முதியோரின் உறைவிடமும் வைத்தியமும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தவை என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறி, எந்த ஜில்லாவில் எத்தனை இல்லங்கள் என்று கணக்குக் கேட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2031-ல் பதினெட்டுப் பேர் ஆவார்கள் என்பது மதிப்பீடு.

இல்லம் தேடுகிறவர்கள் சில விஷயங்களை விசாரிக்க வேண்டும். சமூகநலத் துறையில் பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். நடமாடும் வரை வைத்துக்கொண்டு, படுத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புகிற இல்லங்கள் உண்டு. படுக்கையில் விழுந்தால் என்ன செய்வார்கள் என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இரவில் ஆள் இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், முன்பணம் திரும்புமா? எழுதாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவரும் தூரத்தில் இருக்கட்டும். ஆள் வந்து போகிற முதியவரை யாரும் எளிதில் அலட்சியம் செய்யமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். கடற்கரையில் பிறந்தவருக்கு ஆயுள் முழுக்க ரசமும் மோரும் என்றால் அதுவும் ஒரு தண்டனைதான்; வாரத்தில் ஒரு நாள் மீன் குழம்பு உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

குடிசையும் ஐந்து சென்டு நிலமும் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகனுக்கோ மகளுக்கோ எழுதிக்கொடுக்கும்போது, "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யச் சட்டத்தின் 23-வது பிரிவில் வழியுண்டு. நிபந்தனை எழுதாமல் கொடுத்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்பவர்கள் பலர்.

வசதியிருந்தும் கவனிக்காத பிள்ளைகள் மீது ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். இந்தப் பகுதிக்கு அந்த ஆபீஸ் திருச்செந்தூரிலேயே இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அதிகாரம் உண்டு. நோட்டீஸ் கொடுத்த 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். முதியவரால் நடக்க முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுக்கும் வேறொருவரோ பதிவுபெற்ற அமைப்போ மனுவைக் கொடுக்கலாம். 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம்.

கொடுப்பதற்கே எதுவும் இல்லாத பிள்ளைகள் மீது மனுப் போட்டு என்ன பயன்? அங்கே பொறுப்பு சர்க்காருடையது. உப்பளத் தொழிலாளரும், மீன்பிடிப்போரும், வயல் கூலிகளும் நிறைந்த இந்த ஜில்லாவில் 150 பேருக்கான இல்லத்தைச் சர்க்காரே தன் செலவில், நர்ஸுகளோடு நடத்த வேண்டும். அதன் மேற்பார்வைக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். பென்ஷன் தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் தெருவில் ஆதரவற்ற முதியோர் யார், யாருக்குப் பென்ஷன் நின்றுபோயிற்று, யார் எத்தனை முறை அலைந்தார்கள் என்று பெயர் எழுதி, அந்த ஜாபிதாவோடு அங்கே போய் நிற்கட்டும். வர முடிந்த முதியவர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் உட்கார நாற்காலி கேளுங்கள்.