பாதி வாசித்த எபேசியர்

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையனின் மகளுக்குக் கல்யாணம். ஆலயம் நிறையக் கூட்டம். வழக்கம்போல எபேசியர் 5ஆம் அதிகாரம்தான் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரப் பிரசங்கத்தில் முக்கால்வாசி பெண்ணுக்கு. கீழ்ப்படி, எதிர்த்துப் பேசாதே, பொறுத்துப் போ, குடும்பம் உன் கையில்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கடைசியில் ஒரு வரி: "தம்பி, நீங்களும் அன்பாயிருங்க." அவ்வளவுதான். சபையார் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் என் பழைய மாணவிதான். வந்தவுடனே, "டீச்சர், நீங்க எனக்கு வலது பக்கமா உட்காருங்க, இடது காது கேக்காது" என்று இடம் மாற்றி உட்கார வைத்தாள். பிரசங்கம் முடிந்ததும் மெதுவாக, "எப்பவும் பாதியத்தான் வாசிக்காங்க, இல்லையா டீச்சர்?" என்றாள். பிரியாணி எனக்கு இறங்கவில்லை. அந்தக் காது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் உண்டு. இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போடாதீங்க" என்றாள்.

இருபது வருஷத்துக்கும் முந்தின கதை. ஒரு மழை ராத்திரி, கைக்குழந்தையோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கன்னம் வீங்கியிருந்தது. சாப்பாடு போட்டேன், படுக்க இடம் கொடுத்தேன். காலையில் பக்கத்தில் உட்காரவைத்து ஓசியா தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னேன். கோமேர் எத்தனை தரம் விட்டுப் போனாள், ஓசியா திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லையா, ஆண்டவர் நம்மை அப்படித்தானே பொறுக்கிறார், நீயும் பொறுத்துப் போ என்று ஜெபித்து, நானே பஸ் ஏற்றிவிட்டேன். நல்லது செய்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் அவள் காது போயிற்று. அதற்குப் பிறகுதான் அவள் யாரிடமும் கேட்காமல் வெளியே வந்தாள்.

நான் வேதசாஸ்திரம் படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவள். ஆனால் வகுப்பில் ஒன்றை விடாமல் சொல்லியிருக்கிறேன். பத்தியை முழுசாக வாசி, அப்புறம் கேள்விக்குப் பதில் எழுது. வேதத்தை வாசிக்கும்போது அந்தப் பாடத்தை நானே மறந்துபோனேன். ஆகையால் இப்போது முழுசாக வாசிப்போம்.

எபேசியர் 5இல் மனைவிகளுக்குச் சொல்லியிருப்பது 22 முதல் 24 வரை, மூன்று வசனம். 25ஆம் வசனத்திலிருந்து அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் புருஷர்களுக்குத்தான். எண்ணிப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 21ஆம் வசனம் ஒன்று இருக்கிறது. தேவபயத்தோடு ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்பது அது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குத் தனியாக வினைச்சொல்லே கிடையாதாம். 21ஆம் வசனத்தின் வினையைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் 21ஐ விட்டுவிட்டு 22இலிருந்து தொடங்குவது பயனிலையை வெட்டிவிட்டு வாக்கியத்தை வாசிப்பது போல. இலக்கணம் கற்றுக்கொடுத்தவள் சொல்கிறேன்.

புருஷனுக்கு அங்கே என்ன அளவு வைத்திருக்கிறார் பவுல்? கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தாரே, அந்த அளவு. கிறிஸ்து சபையை அடித்துத் திருத்தவில்லை. சபைக்காக அடிபட்டார். இந்தப் படத்தில் புருஷனுக்குக் கொடுத்திருக்கும் இடம் சிங்காசனம் அல்ல, சிலுவை. அந்த இடத்தில் ஏற மனசில்லாதவருக்கு அந்தப் படத்தைக் காட்டி அதிகாரம் கேட்க உரிமை இல்லை.

இன்னொன்றையும் நம் ஆண்கள் யோசிப்பதில்லை. இந்தப் படத்தில் மணவாளன் கிறிஸ்து ஒருவரே. மணவாட்டி யார்? சபை. சபையென்றால் பெண்கள் மட்டுமா? மீசை வைத்த கமிட்டி அங்கத்தினரும், பிரசங்க பீடத்தில் நிற்கிற போதகரும் சேர்ந்துதான் மணவாட்டி. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் வருகிற தலைவி தேவமோகினி, ஆண்டவர்மேல் காதல்கொண்டு உருகுகிறவள். அவள் சபைக்கு உருவகம். அதை எழுதியவர் ஓர் ஆண். தன்னையும் அந்தத் தலைவிக்குள் வைத்துத்தானே அவர் எழுதியிருக்க வேண்டும்? ஆண்டவருக்கு முன்னால் நாம் எல்லாருமே அன்பை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் நிற்கிறவர்கள். வீட்டுக்குள் வந்தவுடன் ஒருவர் மட்டும் தேவனுடைய நாற்காலியில் உட்காருவது எப்படி?

இனி ஓசியாவுக்கு வருகிறேன். என் தப்பு அங்கேதான்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலின் வடதேசத்தில் ஊழியம் செய்தவர் ஓசியா. அந்தக் காலத்தில் மனைவியைத் தள்ளிவிடவும், ஊர் நடுவே தண்டனைக்கு நிறுத்தவும் புருஷனுக்கு முடியும். பலம் முழுக்க அவர் கையில். அப்படிப்பட்டவர்தான் 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து அவளை மீட்டு அழைத்து வருகிறார். பலமுள்ளவர் இறங்கி வருகிறார். கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? பலமில்லாதவளை, அடிபட்டவளை, அடித்தவரிடம் இறங்கிப் போகச் சொன்னேன். படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு, இதுதான் தேவ அன்பு என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டினேன்.

ஓசியா 2ஆம் அதிகாரத்தில் கடுமையான வார்த்தைகளும் உண்டு. வஸ்திரத்தை உரிந்துபோடுவதும் முள்ளால் வழியை அடைப்பதும் வருகின்றன. மறைக்க மாட்டேன். வாசிக்கும்போது எனக்கும் நெஞ்சு நடுங்கும். அவை துரோகம் செய்த ஒரு தேசத்தைப் பார்த்துத் தேவன் பேசுகிற வார்த்தைகள். எந்த வீட்டுப் புருஷன் கையிலும் கொடுத்த பிரம்பு அல்ல. அதே அதிகாரத்தில் 16ஆம் வசனத்தைப் பாருங்கள். இனிமேல் என்னைப் பாகாலி என்று கூப்பிடாதே, ஈஷி என்று கூப்பிடு என்கிறார் ஆண்டவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த எபிரெயச் சொற்களே அப்படியே இருப்பதால் நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பாகாலி என்றால் என் எஜமான். ஈஷி என்றால் என் மனுஷன், என் புருஷன். பாகால் என்பது அந்த விக்கிரகத்தின் பெயர் என்பதால் அதை விலக்குகிறார் என்பதும் சரிதான். ஆனாலும் சர்வவல்லவர், தம்முடைய ஜனம் தம்மை எஜமான் என்று அழைப்பதைவிட, வீட்டுக்காரி கூப்பிடுகிற அந்த நெருக்கமான சொல்லால் அழைப்பதை விரும்புகிறார். தேவனே வேண்டாம் என்று விட்ட பட்டத்தை நம் மாப்பிள்ளைகளுக்கு நாம் ஏன் சூட்டுகிறோம்?

"டீச்சர், நீங்க விவாகரத்துக்கு வக்காலத்து வாங்குறீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. கல்யாண உடன்படிக்கையை நான் லேசாக நினைக்கிறவள் அல்ல. மல்கியா 2ஆம் அதிகாரத்தில் தள்ளிவிடுதலைத் தேவன் வெறுக்கிறார் என்று இருப்பதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதே வசனத்தில், தன் வஸ்திரத்தைக் கொடுமையால் மூடுகிறவனைப் பற்றியும் இருக்கிறது. அங்கேயும் பாதிதான் வாசிக்கிறோம். கை ஓங்குகிறவன்தான் உடன்படிக்கையை முதலில் உடைக்கிறவன். தப்பி வந்தவள் அல்ல.

என் வீட்டுக்காரர் எபேசியரைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன வருஷம், இரண்டு மாதம் வாசல் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினார். தெருவில் போகிறவர்கள் கேலி செய்தார்கள். "நீங்க உள்ள வச்சுக் கழுவுங்களேன்" என்று சொன்னேன். "தண்ணி இங்கதான வருது" என்றார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்ததுபோல என்று யாராவது வாசித்தால் எனக்கு அந்தக் குழாயடிதான் ஞாபகம் வரும்.

தீர்க்கதரிசிகள் தொடங்கி வெளிப்படுத்தலில் ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்து வரைக்கும் வேதம் இந்தப் படத்தை விடவில்லை. ராஜாவும் குடிமகனும் என்ற படம் மட்டும் போதாது என்று தேவன் நினைத்திருக்கிறார். ராஜாவுக்குக் கோபம் வரும், மனசு உடையாது. நேசிக்கிறவருக்குத்தான் மனசு உடையும். தம் மனசு உடையவும் இடம் கொடுத்து நம்மை நேசித்தார் என்பதற்காகத்தான் கல்யாணத்தைப் படமாக வைத்தார். அதைப் பெண்பிள்ளைகளைக் கட்டிப்போடுகிற கயிறாக்கியது நாம்.

போதகர்மாருக்கு என் தாழ்மையான விண்ணப்பம். அடுத்த கல்யாணத்தில் 21 முதல் 33 வரை முழுசாக வாசியுங்கள். பெண்ணிடம் பேசுகிற நேரத்தைப்போல மூன்று மடங்கு மாப்பிள்ளையிடம் பேசுங்கள். பவுல் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

சபை அக்காமார், அம்மாமாருக்கும் ஒன்று. ராத்திரியில் ஒரு பிள்ளை உங்கள் கதவைத் தட்டினால் சாப்பாடு போடுங்கள், காயத்துக்கு மருந்து போடுங்கள், 181க்குப் போன் பண்ணலாம் என்று சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. வசனம் சொல்வதாயிருந்தால் முழு வசனம் சொல்லுங்கள். காலையில் பஸ் ஏற்றிவிடாதீர்கள்.

அன்றைக்கு விருந்து முடிந்து வெளியே வந்தபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. "நீங்க அன்னைக்குச் சோறு போட்டீங்கல்லா டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமையும் இல்லை.