சராசரியும் சந்தேகமும்

இக்காலத்தில் படித்த மனிதர் எவரும் சராசரி என்ற வார்த்தையைச் சொல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது அரிது. மழைக்குச் சராசரி, மார்க்குக்குச் சராசரி, மாதச் செலவுக்குச் சராசரி! ஆனால் அந்தச் சராசரியிலேயே ஒரு சந்தேகம் உண்டாகிவிட்டால் அதை எப்படிக் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை. இலக்கணச் சந்தேகத்தைத் தமிழ்ப் பண்டிதரிடம் தாராளமாய்க் கேட்கிறவர்களும், புள்ளிவிவரம் என்றால் நாணி வாய்மூடி விடுகிறார்கள்.

நாணுவானேன்? நமது தேசத்தில் அந்தச் சாஸ்திரம் வேரூன்றியதே இப்படி ஒருவர் சந்தேகம் கேட்டதனால்தான். 1920-ம் வருஷம் நாகபுரியில் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் கூடிற்று. விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவரான நெல்சன் அன்னண்டேல், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டி வைத்துக்கொண்டு, அவற்றை ஆராய்ந்து சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார். பதவியின் கௌரவம் பாராமல், இருபத்தாறு வயதுப் பௌதிக ஆசிரியர் ஒருவரை அணுகினார். அவர்தான் பிரசாந்த சந்திர மகலநோபிஸ். 200 பேரின் உயரத்தை ஆராய்ந்து 1922-ல் அவர் கட்டுரை வெளியிட்டார். 1931-ல் அவர் முயற்சியால் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது.

இடையில் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. 1926-ல் அங்கே பெருவெள்ளம். ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றார்கள் எஞ்சினீயர்கள். மகலநோபிஸ் சுமார் அறுபது வருஷத்துக் கணக்குகளைப் புரட்டி, படுகை உயரவே இல்லை, மேலே பெய்த அதிக மழைதான் காரணம் என்று காட்டினார். அவரைக் கேளாதிருந்தால் எத்தனை மண்ணும் பணமும் கரையில் கொட்டப்பட்டிருக்குமோ!

கேட்பதற்கும் காலம் உண்டு. 1938-ல் கல்கத்தாவில் கூடிய புள்ளியியல் மகாநாட்டில் ஆங்கிலப் பேரறிஞர் பிஷர் இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னார்: சோதனை முடிந்த பிறகு நிபுணரை அழைப்பது பிரேத பரிசோதனைக்கு அழைப்பது போல, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும்.

அனல் மின் நிலையமும் துறைமுகமும் அண்டையில் அமைந்த எங்கள் வள்ளூரில் சராசரி வெறும் ஏட்டுக் கணக்கன்று. சமீபத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "ஸார், காற்றிலுள்ள தூசி சராசரியாக வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் ஆயாவுக்கு மட்டும் விடியற்காலையில் ஏன் மூச்சு இழுக்கிறது?"

இது முதல் தரமான கேள்வி. நுண்தூசிக்கு நமது நாட்டில் விதித்திருக்கும் வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு பேச்சுக்கு, 23 மணி நேரம் 40 ஆகவும், ஒரே ஒரு மணி நேரம் 400 ஆகவும் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் 55! வரம்புக்குள்தான். ஆனால் கிழவி அந்த ஒரு மணி நேரத்திலும் சுவாசித்துத்தானே ஆகவேண்டும்? ஆகையால் சராசரி சரியா என்று கேட்பதைவிட, மிக அதிகமான மணி எது, எங்கே அளந்தது, கருவி எத்தனை நாள் ஓடாமல் நின்றது என்று கேட்பது மேல். மணலியில் அளந்த எண் வள்ளூர்க் காற்றுக்குச் சாட்சி சொல்லுமா என்பதும் கேட்கத் தக்கதே.

ஆனால் அவசரப்பட்டு ஆலைப் புகைதான் காரணம் என்று தீர்ப்புக் கூறவும் நியாயமில்லை. மார்கழிப் பனியாயிருக்கலாம்; வெந்நீர் அடுப்பாகவும் இருக்கலாம். ஆகவே பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன். மூச்சு இழுக்கும் மணியைக் குறிக்க வேண்டும். இழுக்காத நாட்களையும் விடக்கூடாது. பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். அது இல்லாமல் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மாதம் எழுதிய பின், மணிவாரி அளவுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, சென்னை ஸர்வகலாசாலையின் புள்ளியியல் துறையில் யாரையாவது பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

இதுவரை பதினொரு நாள் எழுதியிருக்கிறான்.